மேட்டூர் அணைக்குள் போன ஊரின் எல்லையைப் பழைய வரைபடத்தில் தேடுவது எப்படி?

மேச்சேரிக்காரி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க அம்மா வழிக் குடும்பம் மேட்டூர் அணை கட்டும்போது ஊரைக் காலி பண்ணிட்டு மேட்டுக்கு வந்தவங்க. காவேரிபுரம் பக்கத்து ஊர். குடும்பப் பெயர்கள் வருவதால் ஊர்ப் பெயரை இங்கே போடவில்லை. அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) பெட்டியில் ஒரு கிரயப் பத்திரம் இருந்தது, 1919-ஆம் வருசத்தது. அதில் "கோயமுத்தூர் ஜில்லா பவானி தாலூகா" என்று தெளிவாக எழுதியிருக்கு. ஆனால் வீட்டில் எல்லோரும் நாம் சேலம் ஜில்லாக்காரங்க என்றே சொல்லி வளர்த்தாங்க. பெரிய மாமா, பத்திரம் வேறு யாருடையதோ, நம்முடையது இல்லை என்கிறார்.

பத்திரத்தில் இருக்கும் சர்வே நம்பரை அரசு இணையதளத்தில் மேட்டூர் வட்டத்தில் போட்டுப் பார்த்தேன். சம்பந்தமே இல்லாத இடம் வருது. நிலத்துக்கு உரிமை கேட்கப் போவதில்லை. அந்தப் பூமி ஆற்றுக்கு எந்தக் கரையில் இருந்தது, பக்கத்தில் யார் இருந்தாங்க, இதுதான் தெரியணும். எங்கே ஆரம்பிப்பது?

சங்கிலி66:
அம்மணி, நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் அந்த நம்பரை இணையதளத்தில் தேடுவதை நிறுத்திடுங்க. இன்றைக்கு இணையத்தில் இருப்பது யூ.டி.ஆர். (நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) கணக்கு, 1979 முதல் 1987 வரை நடந்த வேலை. அதற்கு முன் மறு நில அளவை, அதற்கும் முன் முதல் அளவை. சென்னை மாகாணத்தில் முறையான வருவாய் நில அளவைத் துறை 1858-ல்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் எண் மாறியிருக்கலாம். கோவை, ஈரோடு பக்கத்துப் பத்திரங்களில் க.ச. (பழைய சர்வே) என்று ஒரு எண்ணும் ரீ.ச. (ரீசர்வே, அதாவது மறு அளவை) என்று இன்னொரு எண்ணும் சேர்ந்தே வருவது இதனால்தான். உங்க பத்திரத்தில் எது இருக்குது என்று பாருங்க.

இன்னொன்று. முழுகிப்போன புலத்துக்கு இன்றைய அளவில் தனிப் புல வரைபடத்தை எதிர்பார்க்காதீங்க. அதெல்லாம் நீர்ப்பரப்பு. அணைக்கு முந்தைய கிராம வரைபடம்தான் உங்களுக்கு வேண்டியது. நம் பக்கத்துப் பழைய கிராம வரைபடம் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு மைல் அளவில் இருக்கும். ஒரு ஏக்கர் புஞ்சைகூட அதில் கண்ணுக்குத் தெரியும். கிணறு, கோயில், வண்டிப்பாதை, ஓடை எல்லாம் குறித்திருப்பாங்க.

ஜில்லா விசயத்தில் உங்க மாமா குழம்ப வேண்டியதில்லை. மேற்குக் கரை அப்போது பவானி தாலூகா, கோயமுத்தூர் ஜில்லா. கிழக்குக் கரை சேலம் ஜில்லா. இன்றைக்கு மேட்டூர் வட்டம் இரண்டு கரையிலும் இருப்பதால் இரண்டும் சேலம் என்று ஆகிவிட்டது. பத்திரமும் சரி, உங்க வீட்டுப் பேச்சும் சரி. வருசம்தான் வேறு.

எழும்பூர் வாசகன்:
சங்கிலி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அங்கே ஆறு வெறும் ஜில்லா எல்லையாக மட்டும் இருந்ததில்லை. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாரமகாலையும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலம் சீமையையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். கோயமுத்தூர் 1799-ல் அவர் வீழ்ந்த பிறகுதான் வந்தது. ஆக அந்த ஏழு வருசம் காவிரியின் கிழக்குக் கரை கம்பெனி, மேற்குக் கரை மைசூர். கிழக்குக் கரையை அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் அந்த ஆண்டுகளிலேயே அளந்து தீர்வை போட்டுவிட்டாங்க. மேற்குக் கரைக்குக் கம்பெனியின் கணக்குப் பிற்பாடுதான். எனவே ஒரே ஆற்றின் இரண்டு கரைக்கும் ஆவணங்கள் வேறு வேறு வரிசையில் கிடக்கும். எந்தக் கரை என்று முடிவு பண்ணாமல் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் அலைச்சல்தான்.

இப்போது முக்கியமான விசயம். மேட்டூருக்காக எடுத்த நிலம் 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் எடுத்தது. அந்தச் சட்டப்படி அறிவிப்பை அரசிதழில் போட்டே ஆகணும். நம் மாகாணத்துக்கு அது புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழ். கட்டுமானம் 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது, ஆகையால் 1920-களின் தொகுதிகளைப் பார்க்கணும். ஆறாவது பிரிவு அறிவிப்பில் ஊர் வாரியாகச் சர்வே நம்பர், நஞ்சையா புஞ்சையா, ஏக்கர் சென்ட், பதிவான பட்டாதாரர் பெயர், நாலு பக்கமும் என்ன நம்பர், எல்லாம் அச்சிலேயே இருக்கும். குடும்ப வரலாறு தேடுபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. வரைபடமும் பெயரும் ஒரே இடத்தில் சேருவது அரிது. இதில் சேருது.

தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கு. கன்னிமாரா நூலகத்திலும் பழைய அரசிதழ்த் தொகுதிகளைக் கேட்டுப் பாருங்க.

குன்னூர் வாசி:
நாங்களும் கோயமுத்தூர் ஜில்லா என்று ஒரு தாளை வைத்துக்கொண்டு அலைகிறோம். பாட்டன் காலத்தில் இலங்கைத் தோட்டத்துக்குப் போய், சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் திரும்பி வந்த குடும்பம். தாளில் ஊரும் தாலூகாவும் இருக்கு, அந்தத் தாலூகாவில் அந்த ஊர் இல்லை.

எழும்பூர் வாசகன்:
குன்னூர் நண்பரே, எந்தத் தாலூகா? கொள்ளேகால் என்றால் அது 1956 நவம்பர் 1 வரை கோயமுத்தூர் ஜில்லா, அதன்பின் மைசூர் மாநிலம். இன்றைய கர்நாடகத்தில் தேடுங்க. ஈரோடு, பவானி என்றால் 1979-ல் பெரியார் மாவட்டமாகப் பிரிந்தது. தாள் எழுதிய வருசத்து ஜில்லா வரைபடத்தை முதலில் எடுங்க, ஊரை அப்புறம் தேடலாம்.

குன்னூர் வாசி:
கொள்ளேகால்தான்! நன்றி. இத்தனை நாள் தமிழ்நாட்டுப் பட்டியலிலேயே துழாவிக்கொண்டிருந்தோம்.

பத்திர எழுத்தர், ஈரோடு:
மேச்சேரி அம்மணிக்கு. உங்க பத்திரத்தின் சொத்து விவரத்தை, பெயர்களை மறைத்துவிட்டுப் போடுங்க. நாலெல்லையை வைத்தே பாதி சொல்லிடலாம்.

மேச்சேரிக்காரி:
இப்படி இருக்குங்க: "…… பூமிக்கும் கிழக்கு, இட்டேரிக்கும் மேற்கு, …… பூமிக்கும் தெற்கு, ஆத்து புறம்போக்குக்கும் வடக்கு, இதன் மத்தியில் புஞ்சை ஏக்கரா 3 சென்ட் 42." க.ச. நம்பர் ஒன்றுதான் இருக்கு. ஆறு வடக்கே இருந்ததுன்னு எடுத்துக்கலாமா?

பத்திர எழுத்தர், ஈரோடு:
இல்லைங்க, இதில்தான் நிறையப் பேர் திசையைத் திருப்பிப் போட்டுக்கிறாங்க. "புறம்போக்குக்கும் வடக்கு" என்றால் புறம்போக்குக்கு வடக்கே உங்க பூமி. அதாவது ஆறு உங்களுக்குத் தெற்கே. அதே மாதிரி இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் தடம்) உங்களுக்குக் கிழக்கே. தாளில் ஒரு கட்டம் போட்டு நாலு பக்கமும் எழுதிப் பாருங்க, உடனே பிடிபடும்.

இன்னொன்றையும் கவனிங்க. ஆறு தெற்கே இருக்குது. அந்தப் பகுதியில் காவிரி மொத்தத்தில் வடக்கிருந்து தெற்காக ஓடுது. மேற்குக் கரையில் இருக்கும் பூமிக்கு ஆறு கிழக்கேதான் வரணும். தெற்கே வருதுன்னா ஒன்று ஆறு வளையும் இடம், இல்லைன்னா அந்த "ஆறு" காவிரியே இல்லை, மேற்கிலிருந்து வந்து சேரும் ஓடையோ சிற்றாறோ. வரைபடத்தில் தேட வேண்டிய இடம் இப்பவே சுருங்கிடுச்சு பாருங்க.

அப்புறம் நாலெல்லையில் வரும் இரண்டு பெயரையும் விட்டுடாதீங்க. பாகம் பிரிச்ச பூமியில் பக்கத்துக்காரர் பெரும்பாலும் பங்காளிதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு அட்டவணை வைத்திருப்பாங்க. ஒன்று ஆள் பெயர் வாரியாக, இன்னொன்று ஊர், சொத்து வாரியாக. இரண்டாவதைக் கேளுங்க. அந்த ஊர் அந்தக் காலத்தில் எந்தச் சார்பதிவகத்தில் இருந்ததோ அங்கேதான் பழைய புத்தகம் இருக்கும். ஊர் பிற்பாடு வேறு சார்பதிவகத்துக்கு மாறினாலும் பழைய புத்தகம் கூடவே மாறுவது கிடையாது. கணினியில் வரும் வில்லங்கம் அவ்வளவு தூரம் போகாது, கையால்தான் தேடணும்.

வரைகலை ஆர்வலன்:
இவ்வளவு சிரமம் எதற்கு? பழைய ஒரு அங்குல வரைபடத்தை (ஒரு மைலுக்கு ஒரு அங்குலம்) ஸ்கேன் பண்ணி, ஓரத்தில் இருக்கும் அட்சரேகை தீர்க்கரேகையை வைத்துக் கூகுள் எர்த்தில் ஏற்றிவிட்டால் ஊர் எங்கே இருந்தது என்று நேராகத் தெரிந்துவிடுமே.

சங்கிலி66:
தம்பி, அப்படி ஏற்றினால் ஊர் தப்பான இடத்தில் உட்காரும். காரணம் சொல்றேன்.

இந்திய அளவையின் தீர்க்கரேகை எல்லாம் சென்னை வானாய்வுக் கூடத்தை வைத்துக் கணக்கிட்டது. அந்தக் கூடத்துக்கு ஆரம்பத்தில் வைத்த மதிப்பு உண்மையைவிடச் சுமார் இரண்டரை நிமிடம் கிழக்கே தள்ளி இருந்தது. 19-ஆம் நூற்றாண்டு வரைபடங்களில் அந்தப் பிழை அப்படியே இருக்கும். நம் அட்சரேகையில் இரண்டரை நிமிடம் என்றால் நாலரை கிலோமீட்டர் வாக்கில் வரும். ஆற்றுக்கு மேற்கே இருந்த ஊர் கிழக்கே போய்விடும்! அம்மணி கேட்பதே எந்தக் கரை என்றுதான். சில தாள்களில் ஓரத்தில் இந்தத் திருத்தம் பற்றிக் குறிப்பு அச்சிட்டிருப்பாங்க, படிங்க. பிற்கால வரைபடங்களில் அது திருத்தப்பட்டாலும், பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் கணக்கைத்தான் எடுத்தாங்க, ஜி.பி.எஸ். எடுப்பது வேறு கணக்கு. அதிலேயே நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் விழும்.

அதனால் ஓரத்து எண்களை விட்டுட்டு, தரையில் இன்றைக்கும் நகராமல் இருக்கும் புள்ளிகளைப் பிடிங்க. முழுகிய ஊருக்கு அதுதான் சிக்கல், ஊருக்குள் இருந்த புள்ளி எல்லாம் தண்ணிக்குள். மலை உச்சிகளை எடுங்க. மேற்கே பாலமலை இருக்குது. முக்கோண அளவை நிலையங்கள் உச்சிகளில்தான் வைத்திருப்பாங்க, வரைபடத்தில் சின்ன முக்கோணமாக இருக்கும். அப்புறம் கரைக்கு மேலே தப்பித்த பழைய கோயில்கள். குறைந்தது ஆறேழு புள்ளி, நாலு பக்கமும் பரவி இருக்கணும். ஆற்று வளைவைப் புள்ளியாக எடுக்காதீங்க.

வரைகலை ஆர்வலன்:
தீர்க்கரேகை விசயம் எனக்குப் புதிது ஐயா, மிக்க நன்றி. எந்தத் தாள் எண் என்று தெரிந்தால் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நானே பொருத்தித் தருகிறேன்.

சங்கிலி66:
கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம் தம்பி. 58-ஆம் தாள் என்பது வடக்கு 8 முதல் 12 பாகை, கிழக்கு 76 முதல் 80 பாகை. அதைப் பதினாறாகப் பிரித்து எழுத்து கொடுப்பாங்க, மேலிருந்து கீழாக, பிறகு அடுத்த நிரல். 77-78, 11-12 பாகைக் கட்டம் இ. அதையும் பதினாறாக அதே மாதிரி பிரித்தால் ஒரு அங்குலத் தாள். மேட்டூர் 58-இ/13-இல் விழும். 12 பாகைக்கு வடக்கே போனால் 57-எச்/16. வாங்கும்போது அச்சிட்ட ஆண்டைப் பார்க்காதீங்க, அளந்த ஆண்டைப் பாருங்க. 1940-ல் அச்சான தாளில் அணைக்கு முந்தைய அளவை இருக்கலாம். நீர்ப்பரப்பை மட்டும் மேலே போட்டிருப்பாங்க.

நாஞ்சில்மகள்:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் பக்கம் (கல்குளம், கன்னியாகுமரி மாவட்டம்) இதே பிரச்சினை மொழி வடிவில் வருகிறது. 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர் – கொச்சி. பழைய ஆதாரங்கள் மலையாளத்தில், தேதி கொல்லம் ஆண்டில். 1080 என்று இருந்தால் 825 கூட்டணும், ஆண்டுப் பிறப்பு சிங்க (ஆவணி) மாதத்தில் என்பதால் முதல் சில மாதங்களுக்கு 824. மூலப் பதிவுகளுக்குத் திருவனந்தபுரம் போகவேண்டியிருக்கு. திருத்தணிப் பக்கத்து நண்பர் ஒருவர் 1960-க்கு முந்தைய பத்திரங்களுக்குச் சித்தூருக்கு அலைந்ததைச் சொன்னார். எல்லைக்கோடு நகர்ந்தாலும் காகிதம் இருந்த ஊரிலேயே இருந்துவிடுகிறது.

மேச்சேரிக்காரி:
எல்லாருக்கும் நன்றிங்க. எழும்பூர் போயிட்டு வந்தேன். அரசிதழ் கிடைத்தது! எழுத்துக்கூட்டல்தான் பெரிய பாடு. ஒரே கவுண்டர் பெயர் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக இருக்கு. கடைசியில் பெயரை விட்டுட்டு நம்பரை வைத்துத் தேடினேன். க.ச. நம்பர் உட்பிரிவோடு இருக்கு. அரசாங்கப் புஞ்சை (இனாம் அல்லாத பட்டா பூமி), 3 ஏக்கர் 42 சென்ட். பத்திரத்தில் இருக்கும் அதே அளவு. வடக்கே ஒரு நம்பர், கிழக்கே பாதை, தெற்கே புறம்போக்கு, மேற்கே ஒரு நம்பர். எழுத்தர் ஐயா சொன்ன கட்டத்தில் அப்படியே உட்காருது.

ஆனால் பட்டாதாரர் பெயரில் அப்பிச்சியும் இல்லை, அவர் அப்பாவும் இல்லை. ஒரு பெண் பெயர். எங்க வீட்டில் யாருமே கேள்விப்படாத பெயர். மேற்கே, வடக்கே இருக்கும் நம்பர்களின் பட்டாதாரர் பெயர்கள் பத்திரத்து நாலெல்லைப் பெயர்களோடு ஒத்துப்போகுது. அப்படின்னா பூமி அதுதான். இந்த அம்மா யார்?

பத்திர எழுத்தர், ஈரோடு:
நல்ல வேலை அம்மணி. அறிவிப்பு எந்த வருசம்? பத்திரம் 1919. இடையில் வாங்கினவர் காலமாகி அவர் சம்சாரம் பேருக்குப் பட்டா மாறியிருக்கலாம். அப்படியானால் அவங்க உங்க கொள்ளுப்பாட்டி. பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர், வாங்கினவர் யார் யார் என்று மறுபடி பாருங்க. தீர்ப்பாணையைத் தேடுங்க. நில எடுப்பில் பணம் யாருக்குப் போச்சு, அவருக்கு என்ன உறவு என்று அதில் எழுதியிருப்பாங்க. இரண்டு பேர் பாத்தியம் கேட்டிருந்தால் இன்னும் விவரம் கிடைக்கும்.

கொளத்தூர் தம்பி:
அக்கா, நானும் முழுகின ஊர்க் குடும்பம்தான். நீர்மட்டம் இறங்கும் வருசத்தில் எங்க பெரியப்பா உள்ளே போய்ச் சோளமும் எள்ளும் போடுவார். பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரியும் அப்போ. இந்த மாதிரி அரசிதழில் பெயர் இருந்தால் அந்த நிலத்தை நாம் திரும்பக் கேட்கலாமா?

சங்கிலி66:
கேட்க முடியாது தம்பி. தீர்ப்பாணை போட்டு அரசு சுவாதீனம் எடுத்துவிட்டால், எந்த வில்லங்கமும் இல்லாமல் நிலம் அரசுக்குப் போய்விடும், சட்டத்தின் 16-ஆம் பிரிவு. வரைபடமும் அரசிதழும் உங்க முன்னோர் எங்கே இருந்தாங்க என்று காட்டும். பாத்தியதைக்கு அது பத்திரம் ஆகாது. தண்ணிக்கு வெளியே இருக்கும் பூமியிலும் இதே கதைதான். 1923-ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டப்படி எல்லையை முடிவு செய்து அறிவித்துவிட்டால், அதை எதிர்த்துச் சிவில் கோர்ட்டுக்குப் போக மூன்று வருசம்தான். தாத்தா காலத்து வரைபடத்தை எடுத்துக்கொண்டு இன்றைக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்றேன்.

பெரியப்பா எந்த இடத்தில் விதைக்கிறார் என்று அவரைக் கூட்டிப் போய் ஜி.பி.எஸ். குறித்து வைங்க. பழைய கிணறு, கல்கட்டு எதாவது தெரிந்தால் விடாதீங்க. வரைபடத்தைப் பொருத்துவதற்கு அதைவிட நல்ல புள்ளி கிடையாது.

கொளத்தூர் தம்பி:
கிணறு ஒன்று இருக்கு ஐயா, பக்கத்தில் கல்தொட்டியோட. எங்க குலதெய்வக் கோயிலின் பழைய இடமும் பெரியப்பாவுக்குத் தெரியும். அங்கே இருந்து பிடிமண் எடுத்து வந்துதான் மேட்டில் கோயில் கட்டினாங்க. அடுத்த முறை தண்ணி இறங்கினதும் போகிறோம்.

வரைகலை ஆர்வலன்:
தம்பி, அந்தக் கிணறும் கோயிலும் கிடைத்தால் எனக்கு அனுப்புங்க. 58-இ/13 தாளில் மலை உச்சிகளை வைத்து முதல் பொருத்தம் முடித்துவிட்டேன். மேற்குக் கரையில் ஓடை ஒன்று காவிரியில் சேரும் இடத்துக்கு வடக்கே ஒரு சிற்றூர் தெரிகிறது, கிழக்கே வண்டிப்பாதை. அக்காவின் நாலெல்லைக்கு நெருங்கி வருகிறது. ஆனால் ஒரு அங்குல அளவில் புல எல்லை கிடையாது. கிராம வரைபடம் வராமல் இதுதான் என்று சொல்ல மாட்டேன்.

மேச்சேரிக்காரி:
பத்திரத்தை மறுபடி வரி வரியாகப் படித்தேன். வாங்கினவர் அப்பிச்சியின் பெரியப்பா. அவருக்குப் பிள்ளை இல்லை என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கு. அப்படின்னா அந்தப் பெண் அவர் சம்சாரமாக இருக்கணும், பத்திரம் அப்பிச்சி பெட்டிக்கு வந்ததும் அந்த வழியில்தான். பெரிய மாமாவுக்கு அரசிதழ்ப் பக்கத்தின் நகலைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "சித்திரமேழிக் கல்லுக்குப் பக்கத்துல ஒரு பெரியாத்தா தனியா இருந்தாங்கன்னு எங்கப்பா சொல்லுவார்" என்றார். சித்திரமேழிக் கல் என்றால் ஏர்ச்சின்னம் பொறித்த பழைய கல். அப்படி ஒரு கல் இருந்ததா, இப்ப எங்கே என்று அவருக்கும் தெரியலை.

உறவை உறுதிப்படுத்தத் தீர்ப்பாணையைப் பார்க்கணும். அதற்கு எப்படி எழுதிக் கேட்கணுங்க?

எழும்பூர் வாசகன்:
அறிவிப்பின் கீழே அரசாணை எண்ணோ வருவாய் வாரியக் குறிப்பு எண்ணோ இருந்தால் அதை எழுதிக்கொள்ளுங்க. அந்த எண், வருசம், துறை மூன்றையும் போட்டு ஆவணக் காப்பகத்தில் வாரியத்தின் நடவடிக்கைத் தொகுதியைக் கேளுங்க. தனித்தனித் தீர்ப்பாணைகள் ஜில்லா அளவில் வைப்பது வழக்கம், எனவே ஆட்சியர் அலுவலகப் பதிவறைக்கும் ஒரு மனு கொடுங்க. அப்போதைய ஜில்லா கோயமுத்தூர், இன்றைய மாவட்டம் சேலம். இரண்டு இடத்துக்கும் தனித்தனியாகக் கொடுங்க. மனுவில் ஊர்ப் பெயரை அரசிதழில் இருக்கும் அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்க, பக்கத்தில் தமிழிலும் போடுங்க. கிராம வரைபடத்துக்கு நில அளவைத் துறையின் மைய அலுவலகத்தில் கேட்கலாம், பழைய தாலூகா பவானி என்பதைத் தவறாமல் குறிப்பிடுங்க.

சங்கிலி66:
கிராம வரைபடம் வந்ததும் முதலில் ஓரத்தில் முச்சந்திக் கற்களைப் பாருங்க அம்மணி, மூன்று ஊர் எல்லை சேரும் இடம். அதில் ஒன்றாவது மேட்டில் தண்ணிக்கு வெளியே இருக்க வாய்ப்புண்டு. புல அளவுகள் லிங்கில் இருக்கும். நூறு லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி. 250 என்று போட்டிருந்தால் 165 அடி. கல்லிலிருந்து உங்க நம்பர் வரைக்கும் அளவைக் கூட்டிக்கொண்டே வந்தால் பூமியின் மூலை கிடைக்கும். படத்தைப் போடுங்க, நான் கூட்டித் தர்றேன்.